தொண்டை கட்டிய லெந்து

எந்திரிக்காதீங்க ஐயரம்மா, நீங்க பாட்டுக்குச் சாமானை ஒதுங்க வைங்க. நான் இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிடுதேன். தூக்குவாளியில ஆப்பமும் தேங்காப்பாலும் இருக்கு. வீடு மாறி வந்த அன்னைக்கு அடுப்பு எங்க பத்தவைக்க? இந்தச் சாலேம்பேரி சபைக்குப் பாதிரியா எந்த ஐயர் மாத்தலாகி வந்தாலும் மொத ஆப்பம் எங்க வீட்டு ஆப்பம்தான். பெருமைக்குச் செய்யுறதில்ல. பெருமைக்குச் செய்யுறவ தெக்குத் தெருவுல இருக்கா, சாயங்காலம் கேசரி தூக்கிக்கிட்டு வருவா, பாருங்க. வயலட்டுன்னு பேரு. என் கொழுந்தன் பொண்டாட்டிதான். நல்லவ. ரவையை மட்டும் வறுக்கத் தெரியாது.

என் பேரு ரத்னபாய். மாவுமில்லு தவமணின்னா ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அவிய சம்சாரம். பெண்கள் ஐக்கியத்துல ஜெபக்குழுத் தலைவி. நானா கேட்டு வாங்கலை, அவங்களா கொடுத்தாங்க, பிறகு யாரும் திருப்பிக் கேக்கலை.

குரலைக் கேட்டுட்டுப் பாக்கீங்க. சளி இல்ல, பயப்படாதீங்க, பிள்ளைகளுக்கு ஒட்டாது. இந்தக் கரகரப்பு போன லெந்துல, ஈஸ்டருக்கு முந்தின அந்தத் தபசு நாள்ல வந்தது. அது ஒரு கதை. ஊர்ல ஆளுக்கொரு விதமா சொல்லுவாவ. உங்களுக்கு முன்னால இங்க இருந்த செல்வின் ஐயர் மேல எனக்கு வருத்தம்னு சொல்லுவாவ. வருத்தமெல்லாம் இல்ல. மன்னிச்சாச்சு. இருந்தாலும் நடந்தது நடந்தபடி உங்களுக்குத் தெரியணும், அதுக்குத்தான் சொல்லுதேன்.

அந்த அட்டைப்பெட்டியை அந்த மூலையில வைக்காதீங்க, கரையான். ஆங், அங்க வைங்க.

இந்த சபையில ஜெபம்னா ரத்னபாய், ஐயரம்மா. கல்யாண வீடோ துட்டி வீடோ, யாரு கூப்பிட்டாலும் போவேன். கூப்பிடாட்டாலும் போவேன். ஜெபிக்கதுக்கு அழைப்பா வேணும்? ஜெயபால் மவ கல்யாணத்துல சாப்பாட்டுக்கு ஜெபிக்கச் சொன்னாவ. பொண்ணுக்காக, மாப்பிள்ளைக்காக, ரெண்டு பக்கச் சம்பந்திகளுக்காக, சமையக்காரனுக்காக, மழைக்காக, வடக்க இருக்க மிஷனெரிகளுக்காக, எல்லாத்துக்கும்தானே ஜெபிக்கணும்? மிஷனெரிகிட்ட வரும்போது பந்தியில என்னமோ சரசரன்னு சத்தம். நான் கண்ணைத் திறக்கலை. இடையில கண்ணைத் திறந்தா அது ஜெபமா? ஆமென் சொல்லிப் பாத்தா, ஒரு வெள்ளாடு உள்ள நுழைஞ்சு ஒரு வரிசை இலையைச் சோத்தோட காலி பண்ணிட்டுப் போயிருக்கு. ஒருத்தராவது விரட்டணுமே! ஒருத்தர் கண்ணும் திறக்கலை. அம்புட்டு பயபக்தி. வயலட்டு அதை இன்னைக்கு வரைக்கும் வேற மாதிரிச் சொல்லிக்கிட்டு அலையுதா, தூங்கிட்டாங்கன்னு.

செல்வின் ஐயர் வயசுல சின்னவரு. அங்கியைக் கழட்டிட்டா பையன்மார் கூட வாலிபால் ஆடுவாரு. அதெல்லாம் நான் யார்கிட்டயும் சொல்லலை, ஜெபக்குறிப்பா மட்டும்தான் சொன்னேன். லெந்து மொத ஞாயிறு அவரு பிரசங்கம் பண்ணினது அந்தப் பரிசேயன், ஆயக்காரன் கதை. கோயிலுக்குள்ள நின்னு தன்னைத்தானே மெச்சிக்கிட்டு ஜெபிச்சவன் ஒருத்தன், தூர நின்னு மாரடிச்சு அழுதவன் ஒருத்தன். நான் எப்பவும் போல மொத பெஞ்சுல, ஃபேனுக்கு நேர் கீழ. கேக்கக் கேக்க எனக்கு மனசு உருகிப்போச்சு. வயலட்டுக்குன்னே பண்ணின பிரசங்கம் மாதிரி இருந்துச்சு. முழங்கையால அவளை ஒரு இடி இடிச்சேன், நல்லாக் கேளுட்டின்னு. பாத்தா அதே நேரத்துல அவ என்னை இடிக்கா! பாருங்க, எப்படிப்பட்டவன்னு.

நான் அப்பவே உள்ளுக்குள்ள ஸ்தோத்திரம் பண்ணினேன். ஆண்டவரே, அந்தப் பரிசேயனை மாதிரி என்னை ஆக்காம வச்சிருக்கியே, அதுக்கே கோடி ஸ்தோத்திரம்னு.

பிரசங்கம் முடிஞ்சு அறிவிப்பு வாசிக்காரு. லெந்து முழுக்க வாரா வாரம் வீட்டு ஜெபம் உண்டு, யாரு ஜெபிச்சாலும் ரெண்டு நிமிஷத்துல முடிக்கணும், ஜெபக்குறிப்புங்கிற பேர்ல அடுத்த வீட்டுக் கதையைப் பேசக்கூடாது. சொல்லும்போது அவரு என்னைப் பாக்கலை. ஆனா ஐயரம்மா, பாக்காம இருந்தாரு பாத்தீங்களா, அதுலயே பாத்துட்டாரு. கோயில் முழுக்க என் முதுகைப் பாத்துச்சு.

ஜெபக்குறிப்பு இல்லாம எப்படி ஜெபிக்க? மேலத்தெரு எலிசா மவ எந்நேரமும் யாரு கூடவோ போன்ல பேசுதான்னா அதை ஆண்டவர்கிட்டச் சொல்ல வேண்டாமா? தனியாச் சொன்னாப் போதாதான்னு கேட்டாரு அந்த ஐயர். நாலு பேரு சேந்து ஒருமனப்பட்டாத்தானே ஜெபத்துக்கு வல்லமை? விவரம் தெரியாம நாலு பேரு எப்படி ஒருமனப்படுவாவ?

நான் கோவப்படலை. நான் கோவப்படுற ஆளே கிடையாது. அந்த வாரம் முச்சூடும் நான் கோவப்படாம இருந்த இருப்பைப் பாத்து எங்க வீட்டுக்காரவ பயந்துபோய் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட மில்லுல இருந்து வரலை. நல்லா யோசிச்சேன். சரி, தாழ்மைதானே வேணும், காட்டுதேன் தாழ்மைன்னு முடிவு பண்ணினேன். அடுத்த ஞாயிறு போய்க் கடைசி பெஞ்சுல உக்காந்துட்டேன்.

யாரும் பாக்கணும்னு போகலை. எல்லாரும் வரும்போது நான் அங்க இருக்கணுமேன்னு கொஞ்சம் முன்னக்கூட்டிப் போனேன், அவ்வளவுதான். வெள்ளைச் சேலை. கழுத்துல ஒண்ணும் கிடையாது. ஐயர் வந்து பாத்துட்டு, "அம்மா, இங்கன உக்காரலாமா, முன்னாடி வாங்க"ன்னு கூப்பிடுவாரு, "வேண்டாம் ஐயரே, எனக்கு இதுவே ஜாஸ்தி"ன்னு சொல்லணும்னு வீட்ல கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்து வச்சிருந்தேன். "ஜாஸ்தி"கிட்ட வரும்போது குரல்ல ஒரு நடுக்கம். வந்தாரு. பாத்தாரு. சிரிச்சாரு. "ஸ்தோத்திரம்மா, இங்க நல்லாக் காத்து வருதுல்ல?"ன்னுட்டுப் போயிட்டாரு.

முன்னாடி பாக்கேன், ஃபேனுக்குக் கீழ வயலட்டு. காலை நீட்டிக்கிட்டு.

சரி, தாழ்மைன்னு ஆரம்பிச்சாச்சு, பாதியில விட முடியுமா? அந்தக் கடைசி பெஞ்சுக்கு ஒரு பாத்தியதைக்காரி உண்டு, செல்லக்கனி. அவளைப் பத்தி நீங்க எப்படியும் கேள்விப்படுவீங்க. ஒரு காலத்துல ஓடைக்கரையில சாராயம் காய்ச்சி வித்தவ. ரெண்டு தடவை போலீஸ் வண்டியில ஏறினவ. அதையெல்லாம் விட்டுட்டு இப்ப பஸ் ஸ்டாப்புல தட்டுக்கடை, பரோட்டா, ஆம்லெட்டு. வெத்தலை வாய். ஏசுனான்னா கல்லுகூட எந்திரிச்சு ஓடிரும். பிரசங்கத்துல பாதி தூங்குவா. அவ எனக்குச் சமமா உக்காந்திருந்தா ஐயரம்மா, ஒரே பெஞ்சுல. என்னைப் பாத்துட்டு, "என்னக்கா, வழிதவறி வந்துட்டீங்களா?"ன்னு கேட்டா. "ஆண்டவர் நடத்தினாரு"ன்னேன். "அப்ப கொஞ்சம் தள்ளி உக்காரச் சொன்னாரான்னு கேளுங்க, என் வெத்தலைப் பை கிடக்கு"ங்கா.

அவ ஜெபிக்கிறதைக் கேக்கணுமே. மனசுக்குள்ள ஜெபிக்கத் தெரியாது, முணுமுணுன்னு வாய்விட்டுத்தான். நான் ஒட்டுக் கேக்கலை, பக்கத்துல இருந்தா காதுல விழத்தானே செய்யும்? "இந்தா, வந்துட்டேன். நேத்து அந்தக் கறிக்கடைக்காரனை ஏசிப்புட்டேன். ஏசினது தப்புதான். ஆனா அவன் போட்டது பூராம் எலும்பு, நீரே பாத்திருப்பீரு. அவனையும் கவனியும், என்னையும் கவனியும். முட்டி வலிக்கு. ஆமென்." முடிஞ்சு போச்சு. எனக்கு உடம்பெல்லாம் கூசிருச்சு. பரலோகத்துக்கு இப்படியா பேசுறது, பக்கத்து வீட்டுச் சன்னல்ல நின்னு பேசுற மாதிரி?

சரி, ஆண்டவர் என்னை இங்க கொண்டாந்து உக்காத்தினதே இவளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான்னு எனக்கு விளங்கிப் போச்சு. ஆராதனை முடிஞ்சதும் பிடிச்சு உக்கார வச்சேன்.

"செல்லக்கனி, எடுத்த எடுப்புல கறிக்கடைக்குப் போகக்கூடாது. முதல்ல அவரைத் துதிக்கணும். வானத்தையும் பூமியையும் படைத்த தேவாதி தேவனேன்னு ஆரம்பிக்கணும்."

"அவரு படைச்சது அவருக்குத் தெரியாதாக்கா?"

"தெரியும். மரியாதைக்குச் சொல்லணும்."

"அதுவும் சரிதான்"னு கண்ணை மூடினா. "வானம் பூமியெல்லாம் நல்லாப் பண்ணியிருக்கீரு. குறை சொல்ல முடியாது. இப்ப விசயத்துக்கு வாரேன்."

எப்படிச் சொல்லிக் கொடுத்தாலும் இதான். நாலாவது வாரத்துல நான் விட்டுட்டேன். விட்டுட்டேன்னா, அவளுக்காக ஜெபிக்க ஆரம்பிச்சேன், அவளுக்குக் கேக்கும்படியா.

இதுல இன்னொரு சங்கடம். கடைசி பெஞ்சுல இருந்து பாடினா முன்னாடி கேக்காது. இத்தனை வருஷமா இந்தக் கோயில்ல என் குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மத்தவங்க பாடுவாவ. நான் பின்னாடி போயிட்டேன்னு சபை திசை தெரியாமப் போயிரக்கூடாதுல்ல? அதனால சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். பாட்டு, சங்கீத வாசிப்பு, ஆமென், எல்லாத்துலயும் கூட்டினேன். ஆமென்ல நல்லாவே கூட்டினேன். முன்னாடி பெஞ்சுல இருக்கவுக எல்லாரும் திரும்பிப் பாப்பாவ. பாக்கட்டும், தாழ்மைன்னா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கிடட்டும்னு இருந்தேன்.

ஒரு நாள் காலையில எந்திரிச்சு, காப்பிக்குப் பால் வந்துட்டான்னு கேக்க வாயைத் திறக்கேன், காத்துதான் வருது.

சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு, எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணும் கேக்கலை. பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனாவ. தொண்டை டாக்டர் ஒரு குழாயை உள்ள விட்டுப் பாத்துட்டு, "அம்மா என்ன வேலை பாக்காங்க? டீச்சரா?"ன்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரவ, "இல்ல சார், ஜெபிக்கா"ங்காவ. டாக்டர் சிரிக்கலை. உள்ள ஒரு கட்டி மாதிரி இருக்கு, கொஞ்சம் சதையை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்னாரு. முடிவு வர ஈஸ்டர் தாண்டிரும், அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, காத்துக் குரல்லகூடப் பேசக்கூடாதுன்னாரு.

என்ன டெஸ்ட்டுன்னு அவரு சொல்லலை. நாங்க கேக்கலை. பஸ்ஸுல திரும்பி வரும்போது எங்க வீட்டுக்காரவ எனக்குச் சன்னல் சீட்டைக் கொடுத்துட்டு, கடலைமிட்டாய் வாங்கி மடியில வச்சாவ. கல்யாணமான புதுசுல வாங்கித் தந்தது, அதுக்குப் பிறகு இப்பதான். அப்பதான் அது என்ன டெஸ்ட்டுன்னு எனக்குப் புரிஞ்சுச்சு.

வீட்ல ஒரு சிலேட்டு வாங்கி வச்சேன். எழுதிக் காட்டினா எங்க வீட்டுக்காரவ கண்ணாடியைக் காணோம்பாவ. கண்ணாடி நெத்தியில இருக்கும். மனுசன் முப்பத்தாறு வருஷத்துல அந்த ரெண்டு வாரம் மாதிரி நிம்மதியா இருந்ததில்லைன்னு மில்லுல சொல்லிச் சிரிச்சாவளாம். ஆனா ராவுல நான் புரண்டு படுக்கும்போதெல்லாம் அவியளும் முழிச்சுத்தான் கிடந்தாவ. அதையும் சொல்லணும்ல.

அப்புறம் வயலட்டு வந்தா. தனியா வரலை, பெண்கள் ஐக்கியத்தையே கூட்டிக்கிட்டு வந்தா. நான் இல்லாததால அவதான் தலைவியாம். என்னை நடுவுல நாற்காலியில உக்கார வச்சு, என் தலையில கை வச்சு ஆரம்பிச்சா பாருங்க. "ஆண்டவரே, எங்கக்கா அறிஞ்சும் அறியாமலும் பேசின வார்த்தைகளையெல்லாம் மன்னியும். எங்கக்கா நாவினால் புண்பட்ட ஒவ்வொருத்தரையும் நினைச்சருளும்." அதுக்கு எல்லாரும் உருக்கமா ஆமென் சொல்லுதாளுவ! நான் சிலேட்டை எடுத்து, "நான் என்னட்டி பேசினேன்?"னு எழுதித் தூக்கிக் காட்டுதேன். ஒருத்தியாவது பாக்கணுமே, எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு இருக்காளுவ. ஜெபத்துல கண்ணைத் திறக்கக்கூடாதுன்னு அவளுகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். ரெண்டு நிமிஷமாவது கணக்காவது, அவ பாட்டுக்கு இழுத்துக்கிட்டே போறா. நீளமா ஜெபிக்கிறவங்களைக் கண்டா எனக்கு ஆகாது ஐயரம்மா, அதுல ஒரு பெருமை இருக்கு.

அவங்க போன பிறகு, சரி, நாமளே ஜெபிப்போம்னு முழங்கால் போட்டேன். கண்ணை மூடினேன். கிருபையும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனேன்னு உள்ளுக்குள்ள ஆரம்பிச்சேன். ரெண்டாவது வரி போகலை. திரும்பவும் ஆரம்பிச்சேன். அங்கயே நிக்குது. சத்தமாச் சொன்னா ஒண்ணு அடுத்ததை இழுத்துக்கிட்டு வரும், ஸ்தோத்திரம்னு யாராவது பின்னால சொல்லுவா, அந்தத் தெம்புல போயிரும். இது யாரும் இல்லாத வீட்ல கூப்பிட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு. வெளிய ஒரு காக்கா கத்துது. எனக்கு வந்ததெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான், ஆண்டவரே பயமா இருக்கு, ஆண்டவரே பயமா இருக்கு. அழுகை வேற. அதெல்லாம் ஒரு ஜெபமா? எந்திரிச்சு மூஞ்சியைக் கழுவிட்டு உலை வச்சேன். அன்னைக்கு ஜெபிக்காமத்தான் படுத்தேன். யார்கிட்டயும் சொன்னதில்லை இதை.

தண்ணி கொஞ்சம் குடிச்சுக்கிடுதேன். பேசினாக் காஞ்சுரும்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்துச்சு. மும்மணி ஆராதனை, கோயில் நிறைஞ்சு வெளிய பந்தல்லயும் ஆளு. நான் கடைசி பெஞ்சுதான். இப்ப முன்னாடி போகவும் முடியாது, போய் என்ன பண்ண? செல்லக்கனி பக்கத்துல. அன்னைக்கு அவ வெத்தலை போடலை, தூங்கவும் இல்லை. நடுவுல செல்வின் ஐயர், "சபையில் நோயுற்றவர்களுக்காக யாராவது ஒருவர் சுருக்கமாக ஜெபிக்கலாம்"னாரு. முன்னாடி வயலட்டு சேலையைச் சரி பண்ணிக்கிட்டுத் தொண்டையைச் செருமுறது எனக்குத் தெரியுது. அவ எந்திரிக்கதுக்குள்ள என் பக்கத்துல பெஞ்சு ஆடுச்சு. செல்லக்கனி எந்திரிச்சு நிக்கா!

அவ சபையில வாயைத் திறந்ததே கிடையாது. நான் சேலையைப் பிடிச்சு இழுக்கேன், உக்காருட்டி உக்காருட்டின்னு. சத்தம் வந்தாத்தானே?

"ஆண்டவரே, நான்தான், செல்லக்கனி"ன்னு ஆரம்பிச்சா. "இன்னைக்கு உமக்கே பெரிய பாடு. இதுல நான் வேற வந்து நிக்கக்கூடாதுதான். இருந்தாலும் இந்த ரத்னபாயக்காவுக்குத் தொண்டை போயிருச்சு. இவிய வாயைப் பத்தி உமக்கு நான் சொல்ல வேண்டாம். இருக்கவுகளுக்குள்ள அதிகமாக் கேட்டவரு நீருதான். ரெண்டு வாரமா உம்ம காதுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைச்சிருக்கும்."

ஒருத்தன் களுக்குன்னான். அவ்வளவுதான். சிரிப்பு பெஞ்சு பெஞ்சாப் பரவி முன்னாடி போகுது. பெரிய வெள்ளிக்கிழமை, ஐயரம்மா! கறுப்புத் துணி போட்ட கோயில்ல, சபை சிரிக்கு! செல்வின் ஐயர் புஸ்தகத்தை மூஞ்சிக்கு நேரே பிடிச்சிருந்தாரு, தோள் ரெண்டும் குலுங்குது. நான் பாத்தேன். பூமி பிளந்து என்னை விழுங்கிரக்கூடாதான்னு இருந்துச்சு.

அவ நிறுத்தலை. "ஆனா ஐயா, நான் பக்கத்துல உக்காந்து பாக்கேன். இந்தம்மா சும்மா இருக்கதைப் பாத்தா எனக்கு ஈரக்கொலை நடுங்குது. இவிய கையும் நடுங்குது. மடியில துண்டைப் போட்டு மூடி வச்சிருக்காவ, யாரும் பாக்கலை. நீரு பாத்துக்கிடும். அந்தக் குரலைக் கொடுத்திரும். எம்புட்டு நீளமா வேணும்னாலும் பேசட்டும், நாங்க பொறுத்துக்கிடுதோம். நீரும் பொறுத்துக்கிடும். ஆமென்."

என் கை நடுங்கலை. மேல ஃபேன் ஓடிச்சு, அந்தக் காத்துக்குத் துண்டு ஆடியிருக்கும். கடைசி பெஞ்சுக்கு மேல ஃபேன் கிடையாதேன்னு உங்ககிட்ட யாராவது சொல்லுவாவ. வாசக் காத்துன்னு வச்சுக்கிடுங்க.

சிரிப்பு எப்ப நின்னுச்சுன்னு எனக்குத் தெரியலை. நின்னுருந்துச்சு. பிறகு மொத்தக் கோயிலும் ஒரு ஆமென் சொல்லுச்சு பாருங்க. பந்தல்ல இருந்த ஆம்பளையள்கூடச் சொன்னாவ. முன்னாடி வயலட்டு முந்தானையால கண்ணைத் துடைக்கா, நடிப்புன்னு நினைச்சேன், ஆராதனை முடிஞ்சு வெளிய வந்த பிறகும் துடைச்சுக்கிட்டுத்தான் நின்னா. நான் இத்தனை வருஷமா ஜெபிச்சிருக்கேன், எனக்கு ஒரு நாளும் அப்படி ஒரு ஆமென் விழுந்ததில்லை. பொறாமையில சொல்லலை. இலக்கணமில்லாத ஜெபத்துக்கு இம்புட்டு ஆமெனான்னு ஒரு ஆச்சரியம், அவ்வளவுதான்.

ஈஸ்டர் கழிச்சு டெஸ்ட் வந்துச்சு. ஒண்ணுமில்ல, சாதாரணக் கட்டிதான், கத்திக் கத்தி வந்தது, மருந்துலயே கரைஞ்சுரும், இனிமே மெதுவாப் பேசுங்கன்னாரு டாக்டர். எங்க வீட்டுக்காரவ ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு முகத்தைத் திருப்பிக்கிட்டு மூக்கைச் சிந்தினாவ. "இனிமே பழையபடி பேசுவியா?"ன்னு கேட்டாவ. மொத வார்த்தையா "ஏன், வேண்டாமா?"ன்னேன். அன்னைக்குத்தான் இந்தக் கரகரக் குரலை நானே மொதமொதல்ல கேட்டேன்.

குரல் வந்ததும் முதல் வேலையா செல்லக்கனியைப் பாக்கப் போனேன். அவளை மன்னிக்கணும்ல? பெரிய வெள்ளிக்கிழமை சபை நடுவுல என்னை அப்படிச் சிரிப்பா சிரிக்க வச்சவளை மனசுல வச்சுக்கிட்டு நான் எப்படி நற்கருணை வாங்க? கடை திறக்கிற நேரம், தனியா வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. "செல்லக்கனி, நடந்ததையெல்லாம் நான் மன்னிச்சுட்டேன்"னேன்.

அவ நிமிர்ந்து பாத்து, "குரல் வந்துட்டுதாக்கா!"ன்னு அப்படியே வாயெல்லாம் பல்லாச் சிரிச்சா. நான் சொன்னது காதுல விழுந்துச்சோ என்னமோ. "உக்காருங்க, இதை ரெண்டு உரிங்க, இன்னைக்குக் கை ஓடமாட்டேங்குது"ன்னு ஒரு கத்தியைக் கையில கொடுத்துட்டா. மாவுமில்லு தவமணி சம்சாரம் பஸ் ஸ்டாப்புல உக்காந்து வெங்காயம் உரிக்கேன். போறவன் வாறவன் எல்லாம் பாக்கான்.

கை ஓடாததுக்குக் காரணம் பிறகுதான் சொன்னா. அவளுக்கு ஒரு மவன். சாராயக்காரி மவன்னு பள்ளிக்கூடத்துல எல்லாரும் சொல்லிச் சொல்லி, மீசை முளைக்கிற வயசுல கோவிச்சுக்கிட்டுத் திருப்பூருக்குப் போனவன். போனவன் போனவன்தான், ஒரு போன் கிடையாது. கல்யாணம் முடிச்சதே இவளுக்கு வேற யாரோ சொல்லித்தான் தெரியும். அவன் முந்தின நாள் போன் பண்ணியிருக்கான். பொண்டாட்டிக்குப் பேறுகாலம், பாத்துக்கிட ஆளில்ல, "நீ வாரியாம்மா?"ன்னு கேட்டிருக்கான்.

"போக வேண்டியதுதானே"ன்னேன்.

"போகணும். அவன் முன்னாடி எப்படிப் போய் நிக்கன்னு பயமா இருக்குக்கா. போய் நின்ன பிறகு, வந்திருக்க வேண்டாம்னு அவனுக்குத் தோணிட்டா?" வெங்காயத்தையே பாத்துக்கிட்டுப் பேசுதா. "அவருகிட்ட கறிக்கடை, முட்டிவலின்னு என்னத்தையும் கேட்டுருவேன். இதைக் கேக்க மட்டும் வாய் வரலை. கேட்டு அவரு இல்லன்னுட்டா நான் எங்க போவேன்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்குத்தான் பேசத் தெரியும்."

பாத்தீங்களா, கடைசியில எங்கிட்டத்தான் வந்து நிக்கா. நான் வெங்காயக் கையோட அவ தலையில கையை வச்சேன். தொண்டையைச் செருமிக்கிட்டேன். குரல் வந்த பிறகு மொத ஜெபம், நல்லாச் செய்யணும்னு நினைச்சேன். கிருபையும் இரக்கமும் நிறைந்தன்னு ஆரம்பிச்சேன். இந்தச் சகோதரியின் குமாரன்னு சொல்லி, அவன் பேரைச் சொல்லணும், பேரு வரலை. எப்படி வரும், எனக்குத் தெரியாதே. பெண்கள் ஐக்கியத்துல அவனுக்காக எத்தனை தடவை ஜெபிச்சிருக்கோம், பெத்தவளைக் கைவிட்டுப் போன அந்தப் பையன், பெத்தவளைக் கைவிட்டுப் போன அந்தப் பையன்னுதான். பேரை யாரும் கேட்டதில்லை.

கண்ணைத் திறந்தேன். ஜெபத்துக்கு நடுவுல. "அவன் பேரு என்னட்டி?"

"எபனேசர்."

"மருமவ?"

"ஷீபாவாம். நான் இன்னும் பாக்கலை."

திரும்பக் கண்ணை மூடினேன். "ஆண்டவரே, எபனேசர். ஷீபா. வயித்துல இருக்க பிள்ளை. இந்தா, இவ, செல்லக்கனி"ன்னேன். அதுக்கு மேல என்ன சொல்லன்னு பாக்கேன், ஒண்ணும் வரலை. ஆமென்னுட்டேன். ரெண்டு நிமிஷம்கூட இல்ல ஐயரம்மா, அரை நிமிஷம் இருக்காது. அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. எனக்கும் கண்ணு கரிச்சுச்சு, வெங்காயம். பஸ்ஸுல இருந்து இறங்கின ஒருத்தன், "அக்கா, கடை உண்டா இல்லையா?"ன்னு கேட்டதுக்கு, அழுதுக்கிட்டே அவனை ஏசினா பாருங்க ஒரு ஏச்சு! நானும் சேந்து ரெண்டு வார்த்தை ஏசினேன்.

மறுநாள் பஸ் ஏறிப் போனவ இன்னும் அங்கதான் இருக்கா. பெண் குழந்தை. அவன் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நின்னானாம், பையைக் கையில வாங்கிக்கிட்டானாம். போன்ல பிள்ளை அழுகிற சத்தத்தை எனக்குக் கேக்க வச்சா. நல்ல குரல். பாட வரும்.

கிறிஸ்மஸுக்கு எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாராளாம். வந்தா உங்களைப் பாக்க வருவா. வந்து, ரத்னபாயக்கா ஜெபிச்சாவ, எம் மவன் கிடைச்சான்னு உங்ககிட்டயும் சொல்லுவா. ஊர் முழுக்கப் போன் பண்ணி அப்படித்தான் சொல்லி வச்சிருக்கா. சனங்களும், ரத்னபாய் ஜெபம்னா கேக்கவா வேணும், கடைத்தெருவுல நின்னு ஒரு மணி நேரமாவது கண்ணீரோட மன்றாடியிருப்பாவன்னு பேசிக்கிடுதாவ. நான் மறுத்துச் சொல்லலை. நீங்களும் ஒண்ணும் சொல்லிராதீங்க, ஐயரம்மா. ஐயர்கிட்டகூட வேண்டாம். நாலே நாலு பேரைச் சொல்லி ஆமென் போட்டேன்னு இந்த ஊர்ல தெரிஞ்சா, அப்புறம் என்னை எவன் ஜெபிக்கக் கூப்பிடுவான்?